காரை மாற்றுவதா, தெருவை மாற்றுவதா?

கார்பன் உமிழ்வைக் குறைக்க வேண்டும் என்பதில் இப்போது பெரிய சண்டை இல்லை. எங்கே தொடங்குவது என்பதில்தான் சண்டை. ஒவ்வொருவரும் தன் வீட்டிலிருந்து தொடங்கட்டும் என்கிறது ஒரு தரப்பு. தனி ஆள் என்ன செய்தாலும் கடலில் கரைத்த பெருங்காயம்தான், நகரமும் அரசும் மாறட்டும் என்கிறது இன்னொரு தரப்பு. நான் இந்த இரண்டுக்கும் நடுவில் பல காலம் தடுமாறியவன். எண்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் கொஞ்சம் தெளிவு வந்தது.

இரண்டாவது தரப்புக்கு ஒரு வலுவான சான்று இருக்கிறது. 2020இல் பெருந்தொற்று உலகத்தையே வீட்டுக்குள் உட்காரவைத்தது. சாலைகள் காலி, விமானங்கள் தரையில். ஏப்ரல் தொடக்கத்தில் உலகின் அன்றாடக் கரியமில வாயு உமிழ்வு முந்தைய ஆண்டைவிடச் சுமார் 17 சதவீதம் குறைந்தது. ஆனால் ஆண்டு முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் சரிவு ஏறத்தாழ 5 சதவீதம்தான். அனல்மின் நிலையமும் சிமென்ட் சூளையும் உருக்காலையும் ஓடிக்கொண்டுதானே இருந்தன? உலகின் வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த, உமிழ்வு 2010இல் இருந்த அளவிலிருந்து 2030க்குள் சுமார் 45 சதவீதம் குறைய வேண்டும் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2018இல் சொல்லியிருந்தது. வீட்டுக்குள் முடங்குவதால் மட்டும் அந்தத் தூரத்தைக் கடக்க முடியாது.

சரி, அப்படியானால் தனி ஆளின் முயற்சி வீணா? இல்லை. ஆனால் எந்த முயற்சி என்பது முக்கியம். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற 2017ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, பணக்கார நாடுகளின் வாழ்க்கைமுறையை வைத்துக் கணக்கிட்டது. கார் இல்லாமல் வாழ்ந்தால் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 2.4 டன் மிச்சம். அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய்வரும் ஒரு விமானப் பயணத்தைத் தவிர்த்தால் 1.6 டன். முழுக்கத் தாவர உணவுக்கு மாறினால் 0.8 டன். நாம் அதிகம் பேசும் பல்பு மாற்றுவதும் குப்பை பிரிப்பதும் இவற்றுக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. அவற்றைச் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றைச் செய்துவிட்டுக் கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

பட்டியலின் தலையில் கார் நிற்பதால் அதையே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். பெட்ரோல் கார், மின்சார கார், பேருந்து, சைக்கிள் ஆகிய நான்கும்தான் போட்டியாளர்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் கார் என்றால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 190 கிராம். பெரும்பாலும் உள்ளே இருப்பது ஒருவரோ இருவரோதான். ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ள இரும்பை நகர்த்தித்தான் எழுபது கிலோ மனிதரை இடம் மாற்றுகிறோம்.

மின்சார கார் 100 கிலோமீட்டருக்கு 15 முதல் 20 யூனிட் வரை எடுத்துக்கொள்ளும். அந்த மின்சாரம் முழுக்க நிலக்கரியிலிருந்து வந்தால், யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ என்ற கணக்கில், பெட்ரோல் காருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. எந்த நாட்டு மின்சாரம் எவ்வளவு தூய்மை என்பதைப் பொறுத்தே பலன். காரையும் பேட்டரியையும் தயாரிப்பதில் தொடங்கி ஓடி முடிப்பதுவரை, நடுத்தர அளவுக் கார்களின் வாழ்நாள் உமிழ்வை ஐசிசிடி என்ற ஆய்வு அமைப்பு 2021இல் ஒப்பிட்டது. பெட்ரோல் காரைவிட மின்சார கார் ஐரோப்பாவில் 66 முதல் 69 சதவீதமும், நிலக்கரி அதிகம் எரியும் இந்தியாவில் 19 முதல் 34 சதவீதமும் குறைவாக உமிழ்கிறது என்று அது சொன்னது. இரண்டிலும் மின்சார காருக்கே வெற்றி, ஆனால் இடைவெளி எவ்வளவு மாறுகிறது பாருங்கள். மின்சார காருக்குச் சாதகமாக இன்னொன்றும் உண்டு. மின் உற்பத்தி தூய்மையாக ஆக, ஏற்கெனவே வாங்கிய காரும் கூடவே தூய்மையாகும். இன்று வாங்கும் பெட்ரோல் கார் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு அதே புகையைத்தான் விடும்.

இப்போது பேருந்து. லிட்டருக்கு 3 கிலோமீட்டர் ஓடும் பழைய டீசல் வண்டியையே எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.7 கிலோ, அதாவது கிலோமீட்டருக்கு 900 கிராம். கேட்க அதிகமாகத் தெரியும். தனித்தனிக் காரில் போகும் ஐந்து பேர் அதில் ஏறினாலே கணக்கு நேராகிவிடும். நாற்பது பேர் ஏறினால் ஆளுக்கு 22 கிராம் சொச்சம். புகை கக்கும் அந்தப் பேருந்தே, ஒருவர் மட்டும் போகும் மின்சார காரைப் பல நாடுகளில் தோற்கடித்துவிடும். சீனாவின் ஷென்சென் போலப் பேருந்துகளையே மின்மயமாக்கினால் இன்னும் நல்லது. சுமார் 16,000 பேருந்துகளையும் 2017 இறுதிக்குள் அந்த நகரம் மாற்றி முடித்தது. ஆனால் காலியாக ஓடும் பேருந்துக்கு இந்தப் பெருமை எதுவும் கிடையாது.

சைக்கிளோடும் நடையோடும் எதுவும் போட்டி போட முடியாது. மோட்டார் வைத்த மின்சைக்கிள்கூட 100 கிலோமீட்டருக்கு ஒன்று, ஒன்றரை யூனிட்டில் முடித்துவிடும். ஐந்தாறு கிலோமீட்டர் தூரத்துக்கு இதுதான் என் முதல் தேர்வு.

இங்கேதான் தனி ஆளின் விருப்பம் நகரத்தின் சுவரில் போய் மோதுகிறது. லாரிக்குப் பக்கத்தில் குழந்தையைச் சைக்கிளில் அனுப்ப யாருக்கு மனம் வரும்? அரை மணி நேரத்துக்கு ஒரு பேருந்து என்றால், காரை விடச் சொல்வது நியாயமா? மக்கள் பயன்பாட்டை மாற்றுவதால் 2050க்குள் உமிழ்வை 40 முதல் 70 சதவீதம் வரை குறைக்க முடியும் என்று 2022இல் சொன்ன ஐபிசிசி, அதற்கான கொள்கையும் கட்டமைப்பும் இருந்தால் என்பதையும் சேர்த்தே சொன்னது. அந்த நிபந்தனையை நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம்.

நகரத்தின் கையில் இருக்கும் வழிகளையும் ஒப்பிட்டாக வேண்டும். மக்களுக்குப் பிடித்தது இலவசப் பயணம். எஸ்தோனியாவின் தாலின் நகரம் 2013இல் தன் குடிமக்களுக்குக் கட்டணத்தை நீக்கியது. பயணிகள் கூடினார்கள். ஆனால் அதுவரை நடந்து போனவர்கள்தான் அதிகம் ஏறினார்கள், காரை விட்டு வந்தவர்கள் குறைவு. ஏழைகளுக்கு இலவசம் பெரிய உதவி, அதற்காகவே நான் அதை ஆதரிப்பேன். கார்பனைக் குறைக்கும் கருவியாகப் பார்த்தால், அதே பணத்தில் பேருந்துகளின் எண்ணிக்கையைக் கூட்டி அவற்றுக்கென்று தனிப் பாதை ஒதுக்குவது மேல் என்று நினைக்கிறேன்.

மரம் நடுவதும் ஒரு போட்டியாளராக வந்து நிற்கும். வளர்ந்த மரம் ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கரியமில வாயுவை இழுக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒன்பது லிட்டர் பெட்ரோலுக்குச் சரியாகப் போய்விடும். நகரத்து மரத்தை நான் மதிப்பது அதற்காக அல்ல. நிழல் இருக்கும் தெருவில்தான் மனிதர்கள் நடப்பார்கள், அந்தத் தெருவில் ஏசியும் கொஞ்சம் ஓய்வெடுக்கும்.

மக்கள் அதிகம் எதிர்க்கும் வழி நெரிசல் கட்டணம், அதாவது நகரின் மையப் பகுதிக்குள் வந்துபோகும் வாகனங்களிடம் வாங்கும் கட்டணம். சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் அதைத் தொடங்கும் முன் எதிர்ப்புதான் அதிகம். அதனால் 2006 ஜனவரி முதல் ஜூலை வரை வெள்ளோட்டம் மட்டும் பார்த்தார்கள். கூடவே கூடுதல் பேருந்துகளையும் விட்டார்கள். மையப் பகுதிக்குள் வந்துபோகும் வாகனங்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. கட்டணத்தை நிறுத்தியதும் நெரிசல் திரும்ப ஏறியது. இரண்டையும் நேரில் பார்த்துவிட்ட அந்த ஊர் மக்களிடம் செப்டம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. முன்பு வேண்டாம் என்றிருந்த நகரத்தில் பெரும்பான்மையினர் வேண்டும் என்று வாக்களித்தார்கள். 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானது.