நுரை அடைப்பானா, மின்னணு ஹெட்செட்டா?

அமெரிக்கத் தரைப்படையின் எம்4 துப்பாக்கிச் சத்தம் சுடுபவர் காதருகே சுமார் 160 டெசிபல் வரும். 140-ஐத் தாண்டினாலே காதுக்கு ஆபத்து. காதில் எதை மாட்டுவது?

விலை: நுரை அடைப்பான் சில்லறைக் காசு. டீகேப்ஸ் (TCAPS, காதைக் காத்தபடியே பேசவும் கேட்கவும் விடும் ராணுவக் கருவி) வகை ஹெட்செட் நூற்றுக்கணக்கான டாலர்.

கேட்பது: விஷயமே இங்கேதான். நுரை எல்லாவற்றையும் அமுக்கிவிடும். சருகு மிதிபடும் ஓசையும் போச்சு, பக்கத்தில் இருப்பவர் கிசுகிசுப்பதும் போச்சு. ரோந்தில் அதைக் கழற்றிவிடும் சிப்பாய்கள் உண்டு, குறை சொல்லவும் முடியாது. ஹெட்செட்டின் மைக் மெல்லிய ஒலியை உள்ளே விட்டு வெடிச்சத்தத்தை அடக்கும். ரேடியோவும் அதிலேயே.

பராமரிப்பு: நுரைக்கு பேட்டரி வேண்டாம். ஆனால் விரலால் உருட்டி, காதை மேலே இழுத்துச் செருகாவிட்டால் போட்டும் பயனில்லை. ஹெட்செட்டுக்கு பேட்டரி, கேபிள், ஹெல்மெட்டில் இடிக்கும் தொல்லை.

சுடுதளப் பயிற்சிக்கு நுரை போதும். ரோந்துக்கு ஹெட்செட், பையில் ஒரு ஜோடி நுரையும் இருக்கட்டும்.