கையெழுத்து போட்டது பெட்ரோல் இன்ஜினுக்கு, வந்து நின்றது டீசல்: ஹெவி டூட்டி பிக்கப் ஆர்டர் போடுகிறவர்கள் கவனத்துக்கு

டெக்சாஸில் புது ஹெவி டூட்டி பிக்கப் ஆர்டர் போட நினைப்பவர்கள் முன்பணம் கட்டும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். பெட்ரோல் இன்ஜின் என்று எழுதி எங்களிடம் கையெழுத்து வாங்கிய ஹூஸ்டன் பக்கத்து டீலர் ஒருவர், கம்பெனிக்கு டீசல் என்று ஆர்டர் அனுப்பியிருக்கிறார். மாதக்கணக்கில் காத்திருந்து வண்டி வந்ததும், "இது அதைவிட உசத்தி, மிச்சப் பணத்தைக் கட்டி எடுத்துக்கோங்க, இல்லைன்னா முன்பணம் திரும்ப வராது" என்றார்கள். டீலரின் பெயரையோ வண்டிக் கம்பெனியின் பெயரையோ இங்கே எழுதவில்லை. ஃபோர்டு, ராம், செவ்ரலே எந்த ஷோரூமிலும் இப்படி நடக்க வழி இருக்கிறது. அந்த வழியைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் தேவையை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்ஜின் தேர்வே அதில்தான் இருக்கிறது. என் மனைவி சில வருடங்களாக உணவு டிரெய்லர் நடத்துகிறார். கேட்டி, சுகர்லேண்ட், பேர்லேண்ட் பக்கம் கோயில் விழா, தமிழ்ச் சங்க நிகழ்ச்சி, வார இறுதிச் சந்தை என்று போய் நிற்கும். தோசைக்கல், எண்ணெய்ச் சட்டி, ஃபிரிட்ஜ், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் ஏற்றி, தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பி எடை போட்டால் 9,000 பவுண்டைத் தொடும். தண்ணீர் மட்டுமே ஒரு கேலன் 8.3 பவுண்ட். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கிற வண்டியின் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் கொக்கி) மேல் உட்காரும், அதாவது 900 முதல் 1,350 பவுண்ட் வரை. போதாததற்கு ஜெனரேட்டர், மாவு டப்பாக்கள், நான்கு ஆட்கள். எங்கள் பழைய அரை டன் பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்து போய், முன் விளக்கு வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அதனால்தான் அடுத்த பெரிய வகையான முக்கால் டன் வண்டிக்குப் போனோம் (அரை டன், முக்கால் டன் என்பவை பிக்கப்பின் அளவு வகைக்கான வழக்குப் பெயர்கள், உண்மையான எடை அல்ல).

எடை அதிகம், ஆனால் தூரம் குறைவு. வீட்டிலிருந்து கமிசரி கிச்சன் (உணவு வண்டிக்காரர்கள் சமைக்கும் வாடகைச் சமையலறை), அங்கிருந்து விழா நடக்கும் இடம், திரும்ப வீடு. எல்லாம் கிட்ட கிட்ட. வார நாட்களில் வண்டி காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான் போகும். இப்படி ஓடுகிற வண்டிக்கு டீசல் வேண்டாம் என்பதில் நாங்கள் இருவரும் ஆரம்பத்திலிருந்தே தெளிவாக இருந்தோம்.

காகிதத்தில் எண்களைப் பார்த்தால் டீசல்தான் கண்ணைப் பறிக்கும். ஃபோர்டு சூப்பர் டூட்டியில் 7.3 லிட்டர் பெட்ரோல் வி8 தருவது 430 குதிரைத்திறன், 485 பவுண்ட்-அடி டார்க் (இழுவைக்கு உதவும் முறுக்கு விசை). அதே வண்டியில் 6.7 லிட்டர் டீசல் 475 குதிரைத்திறனும் 1,050 பவுண்ட்-அடி டார்க்கும் தருகிறது. ராமில் 6.4 ஹெமி பெட்ரோலா, 6.7 கம்மின்ஸ் டீசலா என்று கேட்பார்கள். செவ்ரலே, ஜிஎம்சியில் பெட்ரோல், டீசல் இரண்டுமே 6.6 லிட்டர். எங்கே போனாலும் டீசலுக்கு ஏறத்தாழ 10,000 டாலர் கூட வைக்க வேண்டும்.

அந்தப் பத்தாயிரத்தோடு செலவு நிற்பதில்லை. 2007இலிருந்து அமெரிக்க டீசல் பிக்கப்புகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரியை வண்டி தானாகவே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குப் புகை 550, 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி, கொஞ்ச நேரம் அதே சூட்டில் நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் நிற்காமல் போகிறவருக்குக் கவலையில்லை. சூடேறுவதற்குள் இன்ஜினை அணைக்கிற எங்களைப் போன்றவர்களுக்குக் கரி எரியாமல் அடைத்துக்கொண்டே போகும். 2010 விதிகளுக்குப் பிறகு புகையைச் சுத்தம் செய்ய டெஃப் என்கிற யூரியா கரைசலும் வந்துவிட்டது. 32.5 சதவீதம் யூரியா, மீதி தண்ணீர். இது வெயிலில் கெட்டுப்போகும். 25 டிகிரியில் வைத்தால் ஒன்றிரண்டு வருடம் தாங்குவது, 35 டிகிரியில் ஆறு மாதம்தான். ஹூஸ்டன் கோடையில் கராஜ் என்ன சூடு என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயில் மாற்றினாலும் டீசலுக்கு 10 முதல் 13 குவார்ட் ஊற்ற வேண்டும், பெட்ரோலுக்கு 7 அல்லது 8 போதும்.

டீசலே கூடாது என்று நான் சொல்லவில்லை. 15,000 பவுண்ட் ஐந்தாம் சக்கர டிரெய்லரை (பிக்கப்பின் சுமைத் தொட்டிக்குள் மாட்டி இழுப்பது) இழுத்துக்கொண்டு கொலராடோ போகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டீசல் எடுங்கள். ஐ-70இல் ஐசனோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும், டர்போ டீசல் அவ்வளவாக இழக்காது. இறக்கத்தில் டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் (புகையைத் தடுத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) இருக்கிறதே, அது பிரேக் சூடாகாமல் உயிரைக் காப்பாற்றும். எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான்.

சரி, டீலர் கதைக்கு வருகிறேன். சேல்ஸ்மேன் நம் ஊர்ப் பையன், தெரிந்தவர்கள் மூலமாகத்தான் போனோம். முதல் நாளிலிருந்தே "அண்ணா, டீசல் எடுங்கண்ணா, அஞ்சு லட்சம் மைல் ஓடும், அக்காவுக்கும் நிம்மதி" என்று ஒரே பாட்டு. அவர் சொன்னதில் ஒரு விஷயம் சுத்தப் பொய், இன்னொன்றுக்கு ஆதாரமே இல்லை.

ஒன்று, டீசலில் அதிகச் சுமை ஏற்றலாம் என்றது. இழுக்கும் திறன் கூடும், உண்மைதான். வண்டி தன் முதுகில் தாங்கும் பேலோட் குறைந்துவிடும். வண்டியும் சுமையும் சேர்ந்து இவ்வளவுதான் இருக்கலாம் என்று ஓர் உச்ச வரம்பு உண்டு, பல முக்கால் டன் வண்டிகளில் அது 10,000 பவுண்ட். டீசல் இன்ஜினும் அதோடு வரும் உருப்படிகளும் பல நூறு பவுண்ட் கூடுதல் கனம். வரம்பு மாறாதபோது அந்தக் கனம் நம் பேலோடிலிருந்துதான் கழியும். ஹிட்ச் மேல் உட்காரும் எடையும் பேலோடில்தான் சேரும்.

இன்னொன்று மைலேஜ். "22 மைல் கொடுக்கும்ணா" என்று அடித்துச் சொன்னார். எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. 8,500 பவுண்டுக்கு மேற்பட்ட பிக்கப்புகளின் ஜன்னல் ஸ்டிக்கரில் மைலேஜ் எண் இருக்காது, சட்டம் கேட்பதில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் எந்த எண்ணையும் சொல்லலாம்.

நாங்கள் மசியவில்லை. பெரிய பெட்ரோல் இன்ஜின், இழுவைக்கு ஏற்ற அதிக கியர் விகித ஆக்சில், டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் என்று ஒவ்வொன்றையும் எழுதச் சொல்லிக் கையெழுத்து போட்டோம். (பெட்ரோல் எடுப்பவர்கள் ஆக்சிலை விட்டுவிடாதீர்கள். விளம்பரத்தில் போடும் இழுவை எண் பெரும்பாலும் 4.10, 4.30 போன்ற விகித ஆக்சில் போட்ட வண்டிக்குரியது, 3.73 ஆக்சிலில் அது கிடைக்காது.) முன்பணம் 1,000 டாலர், கிரெடிட் கார்டில். கம்பெனியிலிருந்து வரும் ஆர்டர் உறுதிச் சீட்டைக் கேட்டோம். "சிஸ்டத்துல இருக்குண்ணா, அனுப்புறேன்" என்றார். ஒவ்வொரு முறை கேட்டபோதும் அதே பதில்தான். அந்தச் சீட்டு கடைசி வரை வரவில்லை.

வண்டி வந்த அன்று அதை ஸ்டார்ட் செய்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். கிட்டே போவதற்குள்ளேயே மனைவி என் கையைப் பிடித்து, "என்னங்க, இது நாம சொன்ன வண்டியே இல்லையே" என்றார். டீசலின் அந்தக் கடகட சத்தம் யாருக்கும் தெரியும். ஓட்டுநர் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். பேலோட் 2,200 பவுண்ட் அளவுதான். அங்கேயே நின்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ஹிட்ச் மேல் 1,350, நான்கு ஆட்கள் 700, ஜெனரேட்டர் 200. அதிலேயே தீர்ந்துவிட்டது. மாவு டப்பா வைக்க இடமில்லை. பத்தாயிரம் டாலர் கூடுதலாக வாங்கிக்கொண்டு எங்கள் வேலைக்கே ஆகாத வண்டியைத் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்கள்.

மேனேஜர் வந்தார். ஃபேக்டரி தவறு என்றார், பாதி வித்தியாசத்தைத் தாங்கள் ஏற்பதாகச் சொன்னார், அப்புறம் ஃபைனான்ஸ் அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் எடுத்த எடுப்பில் நீட்டியது டீசலுக்கான கூடுதல் வாரண்டி. இன்ஜெக்ஷன் பம்ப் போனால் பத்தாயிரம் டாலர் ஆகும், புகை வடிகட்டி போனால் இன்னும் சில ஆயிரம், வாரண்டி இல்லாமல் எடுத்தால் ஆபத்து என்றார். வாசலில் நிற்கிறவர் ஐந்து லட்சம் மைல் ஓடும் என்கிறார், உள்ளே உட்கார்ந்திருப்பவர் அதே இன்ஜினைக் காட்டிப் பயமுறுத்துகிறார். எவ்வளவு துணிச்சல் பாருங்கள்.

நாங்கள் எதிலும் கையெழுத்து போடாமல் வெளியே வந்தோம். இந்த இடம் மிக முக்கியம். டெக்சாஸில் ஷோரூமில் வாங்கிய வண்டியை மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அப்படி ஒரு சட்டம் இல்லை. கையெழுத்து போட்டு வண்டியை எடுத்துவிட்டால் அது உங்கள் வண்டி.

வீட்டுக்கு வந்து கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து, ஜன்னல் ஸ்டிக்கரில் இருந்த வின் எண்ணைச் (வண்டியின் தனி அடையாள எண்) சொன்னோம். முதல் நாளே ஆர்டர் டீசல் என்றுதான் பதிவாகியிருக்கிறது, நடுவில் எந்த மாற்றமும் இல்லை என்றார்கள். ஃபேக்டரி தவறு என்றதும் பொய். ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதற்கு என் ஊகம் இதுதான்: நாங்கள் மடங்கினால் லாபம், மடங்காவிட்டாலும் டீசல் வண்டி அவர்கள் முற்றத்தில் சீக்கிரம் விற்றுவிடும். எங்கள் பெயரில் தங்களுக்கு ஒரு டீசல் வண்டி வரவழைத்துக்கொண்டார்கள்.

முன்பணத்தைத் தர மாட்டோம் என்றே நின்றார்கள். கையெழுத்திட்ட தாளின் நகலோடு கார்டு கம்பெனியிடம் பணத்தைத் திரும்பக் கேட்டு டிஸ்ப்யூட் போட்டோம், டீலர்களுக்கு உரிமம் தரும் டெக்சாஸ் மோட்டார் வாகனத் துறையிலும் ஆன்லைனில் புகார் கொடுத்தோம். பணம் கார்டுக்குத் திரும்பி வந்தது. புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. அதுவரை வாடகைப் பிக்கப்புக்குக் கொட்டிய காசும், வண்டி இல்லாமல் கைவிட்ட விழா ஆர்டர்களும் திரும்பி வரப்போவதில்லை. ஒரு கல்யாண ஆர்டரை வேண்டாம் என்று சொன்ன அன்று மனைவி பட்ட வருத்தத்துக்கு யாரிடம் போய் நஷ்டஈடு கேட்பது?

பெட்ரோல் வண்டியைப் பிறகு வேறு ஊர் டீலரிடம் வாங்கினோம். அவர் முன்பணம் வாங்கிய கையோடு கம்பெனியின் ஆர்டர் சீட்டை அச்செடுத்து, இன்ஜின் குறியீட்டையும் ஆக்சில் குறியீட்டையும் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தார். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த வண்டியின் கதவு ஸ்டிக்கரில் பேலோட் 3,000 பவுண்டைத் தாண்டுகிறது.

ஏற்கனவே ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு: டீலர் தந்த விற்பனைத் தாளை நம்பி இருக்காதீர்கள், கம்பெனியின் ஆர்டர் சீட்டைக் கேளுங்கள். வின் எண் வந்துவிட்டால் அதன் 8ஆவது எழுத்து இன்ஜினைக் குறிக்கும், ஃபோர்டில் N என்றால் 7.3 பெட்ரோல், T என்றால் 6.7 டீசல். உற்பத்தி அட்டவணையில் ஏறுவதற்கு முன்பு வரை ஆர்டரில் இன்ஜினை மாற்றலாம், ஏறிவிட்டால் மாற்ற முடியாது. அதனால் நாளைக் காலையிலேயே டீலருக்குப் போன் போட்டு, சீட்டை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். "சிஸ்டத்துல இருக்கு" என்று பதில் வந்தால், நேரில் போய் அந்தத் திரையைக் காட்டச் சொல்லுங்கள்.