டான்ஸ் டிரஸ்ட் சந்தா: ஒரு டிக்கெட் காசுக்குக் கிளப்புக்குப் பாதுகாப்பு

லண்டன் கால்பந்துக் கிளப்பான ஏஎஃப்சி விம்பிள்டன் ஆட்டங்களுக்குத் தவறாமல் போகிறவர்களிலேயே பலர், சீசன் டிக்கெட் எடுத்தாலே கிளப்பின் உரிமையாளராகிவிட்டதாக நினைக்கிறார்கள். சீசன் டிக்கெட் இருக்கைக்கான காசு மட்டுமே. கிளப்பின் கட்டுப்பாடு டான்ஸ் டிரஸ்ட் (Dons Trust) என்ற ரசிகர் சங்கத்திடம் இருக்கிறது. அங்கே ஓட்டுப் போட வேண்டுமென்றால் தனியாகச் சந்தா கட்டி உறுப்பினராக வேண்டும். ஆண்டுச் சந்தா ஏறக்குறைய ஒரு மேட்ச் டிக்கெட் விலைதான் வரும்.

இதன் மதிப்பு புரிய 2002-க்குப் போக வேண்டும். 1988-இல் லிவர்பூலை 1-0 என்று வீழ்த்தி எஃப்ஏ கோப்பை வாங்கிய விம்பிள்டன் எஃப்சியை, சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக உரிமையாளர்கள் அனுமதி கேட்டார்கள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்ஏ நியமித்த மூன்று பேர் கொண்ட குழு 2-1 என்ற கணக்கில் மே 28 அன்று சரி என்றது. ரசிகர்கள் ஊர்வலம், புறக்கணிப்பு எல்லாம் செய்து பார்த்தும் பலிக்கவில்லை. காரணம் எளிது, பங்குகள் அவர்கள் கையில் இல்லை. இரண்டே நாளில் ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற புதுக் கிளப்பைத் தொடங்கினார்கள். ஜூன் மாதம் விம்பிள்டன் காமன் புல்வெளியில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வட்டார லீக்கில் தொடங்கி 2011-இல் நாடு தழுவிய தொழில்முறைப் போட்டியான ஃபுட்பால் லீக்குக்கே ஏறினார்கள். 2022-இல் மூன்றாம் நிலைப் பிரிவான லீக் ஒன்னிலிருந்து இறங்கி, 2025 மே மாதம் வெம்ப்லியில் வால்சாலை 1-0 என்று வென்று திரும்பினார்கள்.

சந்தாவுக்கு என்ன கிடைக்கிறது? ஒரு ஆள், ஒரு ஓட்டு. நம் ஊர் கூட்டுறவுச் சங்கத்துக்கு நெருக்கமான சட்ட வடிவம் இது. லாபத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது, பணக்காரர் பத்து ஓட்டு வாங்கவும் முடியாது. டிரஸ்ட்டின் நிர்வாகக் குழுவை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம், நீங்களே நிற்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கட்டுப்படுத்தப்பட்ட முடிவுகள் என்று விதிமுறையில் தனியாக வைத்திருக்கும் பட்டியல். கிளப்பின் அடிப்படையையே மாற்றும் பெரிய விஷயங்களை நிர்வாகக் குழு தானாக முடிவு செய்ய முடியாது, உறுப்பினர்களின் ஓட்டுக்கு வர வேண்டும். 2002-இல் இல்லாமல் போன பூட்டு இதுதான். என் கணக்கில் முழுச் சந்தாவும் இந்த ஒரு பட்டியலுக்கே தகும்.

கிடைக்காதவை: பயிற்சியாளரை மாற்றும் அதிகாரம், ஆட்டக்காரரை வாங்கும் முடிவு, டிக்கெட் விலையைக் கூட்டிக் குறைக்கும் வேலை. அன்றாட நிர்வாகம் கிளப் நிறுவனத்தின் பொறுப்பு. இதைத் தெரிந்துகொள்ளாமல் சேர்பவர்கள், நாலு தோல்வி வந்ததும் கோபித்துக்கொண்டு சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து. உறுப்பினர் எண்ணிக்கை குறையக் குறைய, சிறு கூட்டம் ஒன்று முடிவுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது சுலபமாகும்.

அடுத்த பலவீனம் பணம். செக் எழுதித் தர முதலாளி கிடையாது. ப்ளவ் லேனில் புது ஸ்டேடியம் கட்டியபோது, 2019 கடைசியில் சுமார் 1 கோடியே 10 லட்சம் பவுண்டு துண்டு விழுந்தது. பங்கில் ஒரு பகுதியை வெளியாருக்கு விற்கலாம் என்ற பேச்சு எழ, ரசிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மாற்றாக வந்ததுதான் ப்ளவ் லேன் பாண்டு, அதாவது ரசிகர்களிடமே கடன் வாங்கும் பத்திரம். குறைந்தபட்சம் 1,000 பவுண்டு. தவணை 5, 10 அல்லது 20 ஆண்டு. வட்டி 0 முதல் 4 சதவீதம் வரை, எவ்வளவு வேண்டும் என்பதைக் கடன் கொடுப்பவரே தேர்ந்தெடுத்தார். 50 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது, 2020 நவம்பரில் ஸ்டேடியம் திறந்தது. அருமையான ஏற்பாடு. ஆனால் பாண்டு கடன் மட்டுமே, அதற்கு ஓட்டு கிடையாது. ஐந்தாண்டுத் தவணை 2025-இல் முடிந்தது. திருப்பித் தருவதும், மறுபடி நீட்டிக்கச் சொல்லிக் கேட்பதும் கிளப்பின் கழுத்தில் தொடர்ந்து இருக்கும் பாரம். இப்படிக் கடன் கொடுக்க நினைப்பவர் வீட்டு வாடகைக்கு வைத்திருக்கும் காசில் கை வைக்கக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புது மைதானத்துக்காகத் தன் பழைய கிங்ஸ்மெடோ மைதானத்தை ஏஎஃப்சி விம்பிள்டன் செல்சீ கிளப்புக்கு விற்றபோது, அங்கே வாடகைக்கு ஆடிய கிங்ஸ்டோனியன் என்ற பழைய கிளப் 2017-இல் வெளியேற வேண்டியதாயிற்று. ரசிகர்கள் நடத்தும் கிளப்பும் பக்கத்துக் கிளப்பை வீடில்லாமல் ஆக்கலாம். ஓட்டு கேட்டு வரும் வேட்பாளர்களிடம் இதுபோன்ற கேள்விகளைக் கேளுங்கள்.

பூட்டுக்குச் சாவி உறுப்பினர்களிடமே இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். போர்ட்ஸ்மத் கிளப்பை 2013-இல் மீட்ட ரசிகர்களே 2017-இல் ஓட்டுப் போட்டு, டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னரின் நிறுவனத்துக்கு விற்றார்கள். ரெக்ஸம் கிளப்பை நடத்திய ரசிகர்களும் கிட்டத்தட்ட ஒருமனதாக விற்றார்கள். எக்ஸெட்டர் சிட்டி கிளப்போ 2003-இல் ரசிகர் டிரஸ்ட்டின் கைக்கு வந்து, இருபது ஆண்டுக்கு மேல் அங்கேயே நீடித்தது. ஓட்டுப் போடும் நாளில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம்.

இங்கிலாந்தில் உங்கள் ஊர்க் கிளப் தள்ளாடுகிறது என்றால் இரண்டு வேலை முதலில். பணம் திரட்டுவதற்கு முன் சங்கத்தை முறைப்படி பதிவு செய்யுங்கள். தனிநபர் கணக்கில் சேரும் பணம் பின்னால் சண்டையில்தான் முடியும். பிறகு மைதானத்தைச் சமூகச் சொத்தாகப் பட்டியலிட உள்ளூர் கவுன்சிலுக்கு விண்ணப்பியுங்கள். பட்டியலில் ஏறினால் ஐந்து ஆண்டு நீடிக்கும். உரிமையாளர் விற்க வந்தால், ஆறு வாரத்துக்குள் ஊர்க் குழு ஏலத்தில் சேர விருப்பம் சொல்லலாம், சொன்னால் மொத்தம் ஆறு மாதம் விற்பனை நிற்கும். உங்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. அந்த ஆறு மாதத்தில் பணம் கையில் இல்லாவிட்டால் பட்டியல் வெறும் காகிதம்.

முதலாளி இல்லாத கிளப்புக்கு ஆபத்தில் கைகொடுப்பதும் ரசிகர்களே. 2024 செப்டம்பரில் வாண்டில் ஆறு பெருகி ப்ளவ் லேன் மைதானத்தின் புல்தரை மேலெழும்பி, ஒரு மூலையில் பள்ளமே விழுந்தது. நியூகாசிலுடனான கோப்பை ஆட்டத்தை அவர்கள் ஊருக்கே மாற்ற வேண்டியதாயிற்று. சேதத்தைச் சரிசெய்ய ரசிகர் ஒருவர் தொடங்கிய நிதி ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது.

சேர்வதற்கு முன் ஒரு ஆட்டம் நேரில் பார்க்க நினைத்தால், ஹேடன்ஸ் ரோடு ரயில் நிலையம்தான் மிக அருகில், பத்து நிமிட நடை. டூட்டிங்கில் சாப்பிட்டுவிட்டு வருவோர் டூட்டிங் பிராட்வேயிலிருந்து காரட் லேன் வழியாக இருபது நிமிடம் நடந்தால் போதும். ஆட்ட நாளில் கார் நிறுத்த இடம் தேடாதீர்கள்.