களஞ்சியமா, சிறுநூலா? நூலகத்தில் பிள்ளைகளுக்கு எதை எடுப்பது

மாவட்ட மைய நூலகங்களிலும் கொஞ்சம் பெரிய கிளை நூலகங்களிலும் சிறுவர் பகுதியில் புதுவரவு என்று ஒரு தட்டு தனியாக இருக்கும். அதில் இருக்கும் கதைப் புத்தகங்களைப் பற்றிக் கவலை வேண்டாம், அவற்றைப் பிள்ளைகளே பார்த்து எடுத்துக்கொள்வார்கள். கதை அல்லாத நூல் என்று வரும்போதுதான் பெற்றோரின் கை முந்திக்கொள்கிறது. கனமாக, பளபளவென்று, உலகத்தில் உள்ள அத்தனையும் இதற்குள் இருக்கிறது என்று அட்டையிலேயே சத்தியம் செய்கிற புத்தகமாகப் பார்த்து அந்தக் கை போகும். பெரும்பாலும் அது தப்பான தேர்வு என்பது என் கட்சி.

களத்தில் நான்கு வகை இருக்கின்றன. வண்ணப் படக் களஞ்சியம், வாழ்க்கை வரலாறு, செய்து பார்க்கும் நூல், ஒரே ஒரு விஷயத்தைப் பேசும் சிறுநூல். பொது அறிவு வினா விடைத் தொகுப்புகளும் அதே தட்டில் கிடக்கும். அவை போட்டித் தேர்வு எழுதும் அண்ணன்மார்களுக்கானவை. எட்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்து என்ன பயன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அவற்றை இத்தோடு விட்டுவிடலாம். 

எந்த வகையாக இருந்தாலும் முதலில் தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். புதுவரவு என்றால் அந்த நூலகத்துக்குப் புதிது, அவ்வளவுதான். முதற்பதிப்பு எந்த ஆண்டு, இப்போது வந்திருப்பது திருத்திய பதிப்பா வெறும் மறுஅச்சா என்பது அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். கதைக்கு இது பெரிய விஷயமில்லை. தகவல் நூலுக்கு இதுதான் உயிர்.

களஞ்சியத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. சூரியக் குடும்பம் உள்ள பக்கத்தைத் திறங்கள். ஒன்பது கோள்கள் என்று இருந்தால் அந்தப் பகுதி 2006 ஆகஸ்டுக்கு முன்பு எழுதப்பட்டது, அல்லது அதற்குப் பிறகும் யாரும் அதைத் தொடவில்லை. புளூட்டோவைக் குறுங்கோள் வரிசையில் சேர்த்தது அப்போதுதான். அது சரியாக இருந்தால் அடுத்து சனிக் கோளின் நிலவுகளைப் பாருங்கள். 2023 தொடக்கத்தில் நிலவு எண்ணிக்கையில் வியாழன் சனியை முந்தியது. அதே ஆண்டு சில மாதங்களிலேயே சனி மறுபடியும் முந்திக்கொண்டது. 2025 மார்ச்சில் ஒரே அடியாக 128 நிலவுகள் சேர்ந்து சனிக்கு மொத்தம் 274 ஆயிற்று. ஆக, 2023-இல் மிகுந்த கவனத்தோடு அச்சிட்ட புத்தகம்கூட இன்றைக்குப் பழசு. இதற்காகப் புத்தகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் போட்டுவிட்டு நகர்கிற புத்தகத்துக்கும், இவ்வளவு தூரத்தில் இருக்கிற சின்னஞ்சிறு நிலவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், ஏன் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது என்று இரண்டு வரி எழுதுகிற புத்தகத்துக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவதில் எண் செத்தால் பக்கமே செத்துப்போகும். இரண்டாவதில் எண் பழசானாலும் பக்கம் நிற்கும்.

களஞ்சிய ஆசை நமக்குப் புதிதல்ல. பெரியசாமித் தூரன் பொறுப்பில் தமிழ் வளர்ச்சிக் கழகம் கொண்டுவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகள். முதல் தொகுதி 1968-இல் வந்தது, அதாவது மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு முந்தைய ஆண்டு. தமிழில் பிள்ளைகளுக்காக அவ்வளவு பெரிய வேலை நடந்ததே ஆச்சரியம்தான். இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படிக்கக் கிடைக்கிறது. தமிழ் நடைக்காகப் புரட்டலாம், அறிவியலுக்காக இல்லை.

இப்போது தட்டில் இருக்கும் களஞ்சியங்களில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் வந்தவை அல்லது அவற்றின் சாயலில் இங்கே செய்தவை. வெள்ளைப் பின்னணியில் ஒரு பொருளை நிழலோடு தூக்கி நிறுத்தி, சுற்றிலும் சிறு சிறு குறிப்புகளைத் தெளிக்கும் அந்தப் பாணியை 1988-இல் தொடங்கிய தன் நூல்வரிசை மூலம் உலகம் முழுக்கக் கொண்டுபோனது லண்டனின் டார்லிங் கிண்டர்ஸ்லி நிறுவனம். கண்ணுக்கு விருந்து என்பதில் சந்தேகமே இல்லை. ஒரு வண்டின் இறக்கை உறை, ஒரு வாளின் கைப்பிடி எல்லாவற்றையும் அவ்வளவு கிட்டத்தில் வேறு எங்கே பார்ப்பது? சிக்கல் என்னவென்றால் பிள்ளை அதைப் படிப்பதில்லை, மேய்கிறது. இங்கே ஒரு வரி, அங்கே ஒரு வரி, அப்புறம் அடுத்த பக்கம். அரை மணி நேரம் போனபின் என்ன பார்த்தாய் என்று கேட்டால் சுறா பெரிசு என்பதற்கு மேல் வராது.

இன்னொன்று, அவை காட்டும் உலகம் நம் பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்க்கும் உலகமாக இருக்காது. வசந்தம், கோடை, இலையுதிர் காலம், பனிக்காலம் என்று நான்கு பருவங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பள்ளிக்கு விடுமுறை கிடைக்குமா என்று காத்திருக்கும் சென்னைக் குழந்தைக்கு அந்த நான்கில் எது தன்னுடையது? வீட்டுத் தோட்டத்துப் பறவை என்று ராபினைக் காட்டுவார்கள். மைனாவும் செம்போத்தும் எங்கோ வெப்பமண்டலக் காட்டுப் பக்கத்தில் இருந்தால் அதிர்ஷ்டம். 

சரி, வாழ்க்கை வரலாறுகள். எண்ணிக்கையில் இவைதான் அதிகம். தரத்தில் இவைதான் மோசம். பாரதி, காமராஜர், அம்பேத்கர், அப்துல் கலாம், ராமானுஜன் என்று பெயர்கள் மாறும், புத்தகம் மாறாது. ஏழ்மை, சிறு வயதிலேயே அறிவுக்கூர்மை, ஒரு நல்லாசிரியர், விடாமுயற்சி, வெற்றி, கடைசிப் பக்கத்தில் நாமும் அவர்போல் ஆகவேண்டும். பிள்ளைக்கு அந்த மனிதர் செய்த வேலை என்ன என்பது மட்டும் தெரியாமலே போய்விடும்.

ராமானுஜனையே எடுத்துக்கொள்வோம். லண்டன் மருத்துவமனையில் அவரைப் பார்க்க வந்த கணிதப் பேராசிரியர் ஹார்டி, தான் வந்த வாடகைக் காரின் எண் 1729, சுவாரசியம் இல்லாத எண் என்றார். இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களிலேயே மிகச் சிறியது அது என்றார் ராமானுஜன். இந்தச் சம்பவம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். மட்டமான புத்தகம் ‘என்னே மேதை’ என்று சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். நல்ல புத்தகம் அங்கேயே நின்று, ஒரு காகிதத்தை எடு என்று சொல்லும். 9-ஐ மூன்று முறை பெருக்கினால் 729. 10-ஐ மூன்று முறை பெருக்கினால் 1000. கூட்டு. இப்போது 12-ஐ மூன்று முறை பெருக்கு, 1728 வரும், அதோடு 1-ஐக் கூட்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தன் கையாலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. போட்டு முடித்த பிள்ளைக்கு ராமானுஜன் யார் என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றப் பாடங்களில் கோட்டை விட்டு அவர் கல்லூரித் தேர்வில் தோற்றது, துறைமுகக் கழகத்தில் எழுத்தராக வேலை பார்த்தது, இங்கிலாந்தில் சாப்பாட்டுக்குத் திண்டாடியது, 32 வயதில் இறந்தது எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். தோல்வியை ஒரே வரியில் தாண்டிப் போகிற வரலாறு பிள்ளைகளிடம் எடுபடாது. அண்மையில் வருகிற சிலவற்றில் நல்ல மாற்றம் தெரிகிறது. கோயம்புத்தூரில் கரும்பு இனக்கலப்பில் வேலை செய்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் போன்றவர்கள் சிறுவர் நூல்களில் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறார்கள். இவர்களைப் பற்றி ஆயத்தப் புகழுரை எதுவும் கையில் இல்லாததாலோ என்னவோ, எழுதுகிறவர் வேலையை விளக்கியே ஆகவேண்டியிருக்கிறது. புத்தகமும் பிழைத்துக்கொள்கிறது.

மூன்றாவது, செய்து பார்க்கும் நூல்கள். இதில் இந்தியாவுக்கென்று ஒரு நல்ல மரபே இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் வேலை செய்த அரவிந்த் குப்தா, குப்பையில் போகிற பொருள்களைக் கொண்டு பொம்மைகளும் சோதனைகளும் செய்து காட்டுகிறவர்; 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய பிரபலமான செய்முறைகளில் ஒன்று: சைக்கிள் வால்வு டியூபைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, தீக்குச்சி முனைகளை அதில் செருகி இணைப்பது. மூன்று குச்சியில் ஒரு முக்கோணம், நான்கு குச்சியில் ஒரு சதுரம். சதுரத்தை விரலால் தள்ளினால் சாய்ந்து சப்பையாகிவிடும். முக்கோணம் அசையாது. மின்கோபுரத்தையும் ரயில் பாலத்தையும் ஏன் முக்கோணம் முக்கோணமாகக் கட்டியிருக்கிறார்கள் என்பது அந்த நிமிஷத்தில் விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். (வால்வு டியூப் இப்போதெல்லாம் லேசில் கிடைப்பதில்லை. பழைய சைக்கிள் கடைக்காரர் எவராவது டப்பாவைக் குடைந்து எடுத்துத் தருவார்.)

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-இலிருந்து நடத்திவரும் துளிர் இதழும் இந்த வழியில் வந்ததுதான். நூலகத்தில் பழைய இதழ்களைக் கட்டுப்போட்டு வைத்திருந்தால் விடாதீர்கள்.

ஆனால் செய்முறை நூல்களிலும் போலிகள் உண்டு. பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உணவு நிறமி, உலர்பனி, அளவுக் குவளை என்று போனால் அது வேறு நாட்டு அடுக்களைக்கு எழுதியது. எலுமிச்சை, உப்பு, பலூன், பாட்டில் மூடி என்று போனால் நம்பி எடுக்கலாம். சோதனை சொதப்பினால் ஏன் சொதப்பும் என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது, எழுதினவர் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். நூலகப் பிரதியில் இன்னொரு தொல்லை, வெட்டி ஒட்டும் பக்கங்களை யாராவது ஏற்கெனவே வெட்டி ஒட்டியிருப்பார்கள்.

நான்காவது, ஒரே விஷயத்தைப் பற்றிய சிறுநூல். பதினாறு பக்கமோ முப்பத்திரண்டு பக்கமோ, நடுவில் பின் அடித்தது. அலமாரியில் நிற்க வைத்தால் முதுகில் தலைப்பு அச்சிட இடமே இருக்காது. இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். நேஷனல் புக் டிரஸ்ட் பல ஆண்டுகளாகக் குறைந்த விலையில் இவற்றைப் போட்டுவருகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் இப்படிப்பட்ட நூல்கள் இலவசம். திறந்த உரிமத்தில் இருப்பதால் நூலகமே அச்செடுத்து வைத்துக்கொள்ளவும் தடையில்லை.

என் ஓட்டு இந்த வகைக்குத்தான். காரணத்தைத் தூக்கணாங்குருவியை வைத்துச் சொல்கிறேன். களஞ்சியத்தில் அதற்கு ஒரு படமும், அழகாகக் கூடு கட்டும் என்ற ஒரு வரியும் கிடைக்கும். சிறுநூலில் கதையே வேறு. ஆண் குருவி பனையோலையையும் புல்லையும் கீற்றாகக் கிழித்துவந்து பின்னும். கூடு பாதியில், கவிழ்த்த தலைக்கவசம்போல இருக்கும்போது நிறுத்திக்கொண்டு சிறகடித்துக் கூப்பிடும். பெண் குருவி வந்து உள்ளே புகுந்து பார்க்கும். பிடித்தால்தான் மீதி வேலை: முட்டை அறை, அப்புறம் கீழ்நோக்கித் தொங்கும் நீளமான வாசல் குழாய். பிடிக்காவிட்டால் அந்தக் கூடு அப்படியே தொங்கும். முடித்துக் கொடுத்த ஆண் குருவி உடனே அடுத்த கூட்டைத் தொடங்கி, இன்னொரு பெண் குருவியைக் கூப்பிடப் போய்விடும். மகாராஷ்டிரக் கடற்கரையின் கிஹிம் கிராமத்தில் நாள் கணக்கில் உட்கார்ந்து பார்த்து இதை 1931-இல் எழுதியவர் பறவையியலாளர் சாலிம் அலி. கிணற்றுமேட்டுப் பனையில் பாதிக் கூடுகள் தொங்குவதை அடுத்த முறை பார்க்கும் பிள்ளைக்கு அவை ஏன் பாதியில் நிற்கின்றன என்று தெரியும்.

இந்தக் குருவி ஒரு நல்ல சோதனைக் கேள்வியும்கூட. கூட்டுக்குள் ஈர மண்ணை அப்பி, அதில் மின்மினிப் பூச்சியை ஒட்டி விளக்கேற்றிக்கொள்ளும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். மண் அப்புவது உண்மை. மின்மினி விளக்கு கட்டுக்கதை. இரண்டையும் பிரித்துச் சொல்கிற நூலை எடுங்கள். விளக்கையும் உண்மையென்று எழுதியிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள், மற்றப் பக்கங்களையும் எழுதினவர் சரிபார்த்திருக்க மாட்டார்.

வரலாற்றுக்கும் இதே அளவுகோல் ஒத்துவரும். கீழடி பற்றிய சிறுவர் நூல்கள் நிறைய வருகின்றன. நம் நாகரிகம் பழமையானது, பெருமைப்படு என்று முப்பது பக்கமும் முழங்குவது ஒரு வகை. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒரு கரித்துண்டு, அமெரிக்காவின் ஃபுளோரிடா ஆய்வகத்துக்குப் போய், கி.மு. 580 என்ற காலக் கணிப்போடு திரும்பிவந்து, 2019-இல் மாநிலத் தொல்லியல் துறையின் அறிக்கையில் ஏறியதைப் படிப்படியாகச் சொல்வது இன்னொரு வகை. பிள்ளை மறுநாள் பள்ளியில் போய்ச் சொல்லக்கூடியது இரண்டாவதில்தான் இருக்கிறது. பெருமையும் தானாக வரும்.

சிறுநூலின் குறையையும் சொல்லியாக வேண்டும். கறுப்பு வெள்ளைப் படங்கள் பல சமயம் கலங்கலாக இருக்கும். அருஞ்சொல் பட்டியலோ சொல்லடைவோ அநேகமாக இருக்காது. பறவையின் நிறம் தெரிய வேண்டுமென்றால் களஞ்சியத்திடம்தான் போக வேண்டும்.

அதனால் நான் சொல்லும் ஏற்பாடு இது. களஞ்சியம் பல நூலகங்களில் குறிப்புதவிப் பிரிவில்தான் இருக்கும், வீட்டுக்குத் தரமாட்டார்கள். நல்லதுதான், அதை அங்கேயே விரித்துப் பார்க்கட்டும். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ சிறுவர் பகுதிக்குப் போனால் அதற்கென்றே ஒரு பிற்பகலை ஒதுக்கலாம். உறுப்பினர் அட்டையில் வீட்டுக்கு எடுக்கக் கிடைக்கும் வாய்ப்பைச் சிறுநூலுக்கும் செய்முறை நூலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்றுதான் என்றால், கை துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைக்குச் செய்முறை நூல், ஏன் ஏன் என்று நச்சரிக்கும் பிள்ளைக்குச் சிறுநூல். வாழ்க்கை வரலாறு பத்து வயதுக்கு மேல் போதும், அதுவும் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துப் படித்துப் பார்த்துவிட்டு.

தட்டில் சிறுநூலே தென்படவில்லை என்றால் நூலகரிடம் கேளுங்கள். பின் அடித்த புத்தகங்கள் கிழிந்துவிடும் என்று பல இடங்களில் தனியாகக் கட்டி மேசைக்குப் பின்னால் வைத்திருப்பார்கள்.