ஆண்களுக்கான மார்பு அமுக்கும் பனியன்: யார் வாங்கலாம், யார் வாங்க வேண்டாம்

மதுரைப் பெரியாஸ்பத்திரிப் பக்கம் பனகல் சாலையில் சர்ஜிக்கல் கடை ஒன்றில் வாங்கிய பனியனைப் பற்றி எழுதுகிறேன். எனக்குக் கைனகோமாஸ்டியா இருக்கிறது. ஆண்களுக்கு மார்புக் காம்பின் அடியில் சுரப்பித் திசு வளர்ந்து மார்பு எடுப்பாகத் தெரியுமே, அதுதான். வெளியே சொல்லக் கூசுகிறார்கள் என்பதால் இதை வாங்கியவர்கள் நாலு வரி எழுதி வைப்பதில்லை, கடையில் சொல்வதை நம்பி வாங்க வேண்டியிருக்கிறது.

மறைக்கிற வேலையை நன்றாகவே செய்கிறது. டி-ஷர்ட்டுக்குள் போட்டால் மார்பு தட்டையாகத் தெரிகிறது, காம்பு துருத்திக்கொண்டு நிற்பதில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் நடுவில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டும்போது, கையைக் குறுக்கே கட்டிக்கொண்டே நிற்கிற பையன்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். திருச்செந்தூர் கோயில் மாதிரி சட்டையைக் கழற்றிவிட்டுப் போகிற இடத்தில் மட்டும் வழியில்லை. வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியன் பளிச்சென்று தெரியும், தோல் நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ வாங்குங்கள்.

குறை என்றால் முதலில் வெயில்தான். நைலானும் ஸ்பான்டெக்ஸும் கலந்த துணி, காற்று போகாது. அக்னி நட்சத்திர நேரத்தில் மதுரையில் இதைப் போட்டுக்கொண்டு மத்தியானம் பைக் ஓட்டினால் முதுகெல்லாம் வேர்க்குரு, அக்குளில் உரசிப் புண்ணாகிவிடுகிறது, ஈரத்தோடே விட்டால் படர்தாமரையும் வரும். உட்கார்ந்து எழுந்தால் கீழ் விளிம்பு சுருண்டு வயிற்றுக்கு மேலே ஏறிக்கொள்கிறது, ஆபீசில் அதை யாருக்கும் தெரியாமல் இழுத்துவிடுவதே ஒரு வேலை. மறைப்பதற்காக மட்டும் போடுகிறவர்கள் தூங்கும்போது கழற்றிவிடுங்கள். கையால் அலசி நிழலில் காயப்போட வேண்டும், வாஷிங் மெஷினில் போட்டால் சீக்கிரமே தொளதொளவென்று ஆகிவிடும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குக் கோபம் அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதன் மேல்தான். ஆறு வாரம் போட்டால் மார்பு கரைந்துவிடுமாம். முழுப் பொய். கொழுப்பாக இருந்தாலும் சரி, சுரப்பியாக இருந்தாலும் சரி, துணி இறுக்கி எதுவும் கரையாது. கழற்றினால் மார்பு பழையபடிதான் இருக்கும். இதை நம்பிப் பையன்கள் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார்களே என்பதுதான் வருத்தமாக இருக்கிறது.

ஏனென்றால் இதற்குக் காரணம் பல. ஆண் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு, டெஸ்டோஸ்டிரோனோடு ஒப்பிட்டால் அதன் கை ஓங்கும்போது சுரப்பி வளர்கிறது. வயசுக்கு வருகிற பருவத்தில் பல பையன்களுக்கு இது வரும், பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் தானாக அடங்கிவிடும். பெரியவர்களுக்கு மாத்திரையால் வரலாம். முடி கொட்டாமல் இருக்கப் போடும் ஃபினாஸ்டெரைடு, ஜிம்மில் யாரோ சொல்லிப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசி எல்லாம் இதைக் கிளப்பும். உசிலம்பட்டியில் எங்கள் மாமாவுக்கு இதயம் பலவீனம் என்று கொடுத்த ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையால் காம்பு அடியில் வலியோடு வீங்கியது. டாக்டரே எப்ளெரினோன் மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்த பிறகு குறைந்தது. இதை நாமாக நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்தவரிடமே சொல்ல வேண்டும். கல்லீரல் கெட்டாலும், தைராய்டு கூடினாலும், அபூர்வமாக விதையில் கட்டி இருந்தாலும் மார்பு பெருக்கும்.

டாக்டர் பார்ப்பதும் பயப்படுகிற மாதிரி இல்லை. மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு பக்கமும் விரலால் காம்பை நோக்கி அமுக்கிக்கொண்டு வருவார். ரப்பர் மாதிரி கெட்டியாக ஒரு வட்டம் தட்டுப்பட்டால் சுரப்பி, தட்டுப்படாவிட்டால் வெறும் கொழுப்பு. விதையையும் தொட்டுப் பார்ப்பார், கூச்சப்படாதீர்கள், அது அவசியம். தேவைப்பட்டால் ரத்தத்தில் ஹார்மோன், கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு எல்லாம் எழுதிக் கொடுப்பார். தனியாரில் காட்ட வசதியில்லை என்றால் பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போட்டு அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி கட்டி, காம்பில் ரத்தம், தோல் உள்ளே இழுத்தது என்று ஏதாவது இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். மார்பகப் புற்றுநோய் அபூர்வமாக ஆண்களுக்கும் வருகிறது.

அப்படியானால் பனியன் யாருக்கு? ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். காம்பைச் சுற்றிய கறுப்பு வட்டத்தின் கீழ் ஓரமாகக் கீறி சுரப்பியை எடுப்பார்கள், கொழுப்பு இருந்தால் குழாய் விட்டு உறிஞ்சுவார்கள், அதன் பிறகு நீர் கோர்க்காமல், வீக்கம் குறைய, சில வாரம் இந்த மாதிரிப் பனியன் போடச் சொல்வார்கள். அவர்கள் முன்பக்கம் ஜிப்போ கொக்கியோ வைத்ததை வாங்க வேண்டும், தலைவழியாக மாட்டுவதைப் போடக் கையைத் தூக்கினால் தையல் வலிக்கும். டாக்டரிடம் காட்டிவிட்டு, இப்போதைக்கு மறைத்தால் போதும் என்று நினைக்கிறவர்களும் தாராளமாக வாங்கலாம். பதினான்கு வயதுப் பையனுக்கு மட்டும் வாங்கி மாட்டிவிடாதீர்கள். அவன் மார்பை வைத்துப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்றால் வாத்தியாரிடம் போய்ப் பேசுங்கள், வீட்டில் அண்ணனோ சித்தப்பாவோ கேலி செய்தால் அங்கேயே அதட்டி நிறுத்துங்கள்.

சைஸ் விஷயத்தில் கவனம். அதிகமாக அமுக்கட்டும் என்று ஒரு சைஸ் குறைத்து வாங்கினால் மூச்சு முட்டும், சாப்பிட்டதும் நெஞ்சு எரியும். அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றி டேப் வைத்து வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள், நான் வாங்கிய கடையில் போட்டுப் பார்க்க விடவில்லை, பிரித்ததைத் திருப்பியும் எடுப்பதில்லை.