மஞ்சள், நீலம், கறுப்பு வெள்ளை

கனடாவிலிருந்து கிளிநொச்சிக்கு வந்திருந்த மைத்துனர், பயணப் பெட்டியின் அடியில் சாரங்களுக்கு நடுவே ஒளித்துக் கொண்டுவந்து தந்த இறுவட்டுத் தொகுப்பு இது. சுவீடன் இயக்குநர் வில்கொட் ஷோமானின் 'ஐ ஆம் கியூரியஸ்' படத்தின் மஞ்சள் (1967), நீலம் (1968) ஆகிய இரு பாகங்களும் இதில் உள்ளன. நிறங்கள் சுவீடன் கொடியினுடையவை. படங்களோ இரண்டும் கறுப்பு வெள்ளை.

ஒளிப்பதற்குக் காரணம் இருந்தது. 1968 ஜனவரியில் மஞ்சள் பாகத்தை ஆபாசம் என்று அமெரிக்கச் சுங்கத்தினர் கைப்பற்றினர். இறக்குமதி செய்த குரோவ் பிரஸ் பதிப்பகம் வழக்காடி, அவ்வாண்டு நவம்பரில் மேன்முறையீட்டில் வென்றது. ஆனால் மேரிலாந்து மாநிலத் தடை 1971இல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றபோது, தமது எழுத்தின் ஒரு பகுதி அப்பதிப்பகத்தின் சஞ்சிகையில் வெளிவந்திருந்த நீதிபதி வில்லியம் டக்ளஸ் பங்கேற்காதிருக்க, எஞ்சிய எண்மரும் நாலுக்கு நாலாகப் பிரிந்ததால் தடை அப்படியே நின்றது.

இத்தனை வழக்குக்கும் காரணமான காட்சிகளுக்காக வட்டைப் போடுபவர் கொட்டாவி விடுவார். அவை சில நிமிடங்களே. அவற்றிலும் கவர்ச்சியைவிடத் தடுமாற்றமே மிகுதி. படத்தை நிரப்புவது லேனா நூமன் நடித்த இளம்பெண் நீட்டும் ஒலிவாங்கிதான். சுவீடனில் வர்க்க வேறுபாடு உண்டா என்று ஸ்டொக்ஹோம் தெருக்களில் போவோர் வருவோரை மறித்துக் கேட்கிறாள். அப்போது அமைச்சராயிருந்த ஒலொஃப் பால்மேயும் மார்ட்டின் லூதர் கிங்கும்கூடப் படத்தில் வருகிறார்கள். சர்வாதிகாரி பிராங்கோ ஆண்ட ஸ்பெயினில் விடுமுறையைக் கழித்துத் திரும்புவோரை விமான நிலையத்தில் அவள் கேள்வி கேட்கும் இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டேன். போர் முடிந்த கையோடு, எங்கள் ஊரில் வீழ்ந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்க்கவும் அதன்முன் நின்று படம் பிடிக்கவும் ஏ9 வீதியால் பேருந்து பேருந்தாக வந்திறங்கியவர்களிடம் எவரும் ஒலிவாங்கி நீட்டவில்லை. நானும் கடை வாசலில் நின்று பார்த்ததோடு சரி.

குறைகளும் உண்டு. படத்துக்குள் படம் எடுக்கும் உத்தி முதலில் சுவைக்கிறது, பின்னர் அலுக்கிறது. பெண்ணின் விடுதலையைப் பேசும் படத்தில், நாற்பதைக் கடந்த இயக்குநர் தாமே தோன்றித் தம் இளம் நாயகியின் காதலராகவும் நடிப்பது எனக்கு உவப்பாயில்லை. எந்த உடையை எப்போது களைவது என்பதை அங்கேயும் ஓர் ஆண்தான் தீர்மானிக்கிறார். சமயத்தையும் சிறைச்சாலையையும் தொடும் நீல பாகம், மஞ்சளின் மிச்சம் போலவே இருக்கிறது.

வாங்க எண்ணுபவர்கள் கவனிக்க வேண்டியவை: வட அமெரிக்க வலயத்துக்குரிய வட்டு என்பதால் வீட்டிலிருந்த கருவி இதை ஏற்கவில்லை, மடிக்கணினியில்தான் ஓடியது. துணைத்தலைப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. விரைந்து மாறும் பேட்டிகளில் அவற்றைப் பிடிக்கப் பலமுறை பின்னோக்கிப் போக வேண்டியிருந்தது. மஞ்சளை மீண்டும் பார்ப்பேன். நீலத்தை மைத்துனரிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.