இங்கிலாந்தில் படிக்கப் போகிறவர்களே, ஊரிலிருந்தே அறைக்கு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்

செப்டம்பர், ஜனவரி சேர்க்கை நெருங்கும்போதெல்லாம் இந்த மோசடி தலைதூக்குகிறது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வரும்: "லண்டன் ஈஸ்ட் ஹாமில் டபுள் ரூம், பில் எல்லாம் சேர்த்து மாதம் 650 பவுண்டு." படங்கள் வேறு ஏதோ வீட்டு விளம்பரத்திலிருந்து திருடியவை. விசாரித்தால், "நான் வெளியூரில் இருக்கிறேன், இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள். டெபாசிட்டையும் முதல் மாத வாடகையையும் இன்றைக்கே போட்டுவிட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்பார். நம்பிக்கைக்குப் பாஸ்போர்ட் படமும் வரும். அது பெரும்பாலும் முன்பு ஏமாந்த யாரோ ஒருவருடையது. உங்களிடம் வாங்கும் நகல் அடுத்த ஆளை நம்பவைக்கப் போகும். பெட்டியோடு போய்க் கதவைத் தட்டினால், திறப்பவருக்கு வாடகை விஷயமே தெரியாது.

பணம் எந்த வழியாகப் போனது என்பதைப் பொறுத்துத்தான் அது திரும்பக் கிடைக்குமா என்பது முடிவாகிறது. 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாந்து வங்கிப் பரிமாற்றம் செய்தவருக்கு 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடு செய்ய வேண்டும் என்பது பிரிட்டனில் விதி. 13 மாதத்துக்குள் கேட்க வேண்டும். ஏமாந்தவர் மிகுந்த அலட்சியமாக இருந்தார் என்று வங்கி நிரூபித்தால் மறுக்கலாம். ஆனால் பிரிட்டன் கணக்கிலிருந்து பிரிட்டன் கணக்குக்குப் போன பணத்துக்கு மட்டுமே இது பொருந்தும். அப்பா கோவையிலிருந்து ஸ்விஃப்ட் (நாடு விட்டு நாடு பணம் அனுப்பும் வங்கி முறை) வழியாக அனுப்பிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் முதல் இரண்டு வாரத்துக்கு ஹாஸ்டலோ பல்கலைக்கழகத்தின் தற்காலிக அறையோ எடுத்துக்கொண்டு, அங்கே போய் வீடு தேடுங்கள். கூடுதல் செலவுதான், ஆனாலும் டெபாசிட்டை இழப்பதைவிடக் குறைவு.

இங்கிலாந்துச் சட்டப்படி அறையைப் பிடித்துவைக்க ஒரு வார வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ் என்றால் டெபாசிட் ஐந்து வார வாடகையைத் தாண்டக்கூடாது. மாதம் 650 என்றால் 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுங்கள்: வாரம் 150. ஆக, பிடித்துவைக்க 150, டெபாசிட் 750, அதுதான் உச்சவரம்பு. விண்ணப்பக் கட்டணம், சரிபார்ப்புக் கட்டணம் என்று தனியாக வாங்குவதும் சட்டவிரோதம். ஸ்காட்லாந்தில் விதிகள் வேறு.

வீட்டை நேரில் பார்த்தால் மட்டும் போதாது. ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்த வீட்டையே தன் வீடு என்று பலருக்குக் காட்டிப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அரசின் நிலப் பதிவேட்டுத் தளத்தில் சில பவுண்டு கட்டினால் உரிமையாளர் பெயர் கிடைக்கும். ஒப்பந்தத்தில் உள்ள பெயர், வங்கிக் கணக்கின் பெயர், பதிவேட்டுப் பெயர் மூன்றையும் ஒப்பிடுங்கள். இடையில் ஏஜென்ட் இருந்தால் அந்த நிறுவனத்தின் பெயரிலேயே கணக்கு இருக்க வேண்டும்.

இன்னொன்று, நம்மவர்களுக்குள்ளேயே நடப்பது. சீனியர் "அண்ணா" ஒருவர் தான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் ஓர் அறையை உள்வாடகைக்கு விடுவார். டெபாசிட்டை வாங்கிய 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் போட வேண்டும் என்ற விதி, பொதுவாக வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில் தங்குகிறவருக்குச் செல்லாது. அந்த அண்ணாவும் அங்கேயே தங்கினால் உங்கள் நிலை அதுதான். உரிமையாளர் எழுத்தில் சம்மதம் தந்திருக்கிறாரா என்று கேளுங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

பணம் போய்விட்டதா? எதிராளி செய்திகளை அழிக்குமுன் உரையாடல், எண், கணக்கு விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிரிட்டன் கணக்கு என்றால் 159-ஐ அழைத்து உங்கள் வங்கியோடு பேசுங்கள். இந்தியாவிலிருந்து போயிருந்தால் வங்கிக்கும், இந்தியாவின் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் உடனே சொல்லுங்கள். தங்க இடமில்லாமல் நின்றால் பல்கலைக்கழக மாணவர் ஆலோசனை மையத்துக்கு அன்றைக்கே போங்கள். அவசர உதவி நிதி இருக்கிறதா என்று கேளுங்கள்.